பிச்சியில் வந்து நின்ற புரோகிராம்

கேள்வி: அப்பாவுக்குத் தோவாளைச் சந்தையில் பூ மொத்த வியாபாரம். எடையும் விலையும் நாளுக்கு ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைலாக இருக்கின்றன. மாதக் கணக்கு கூட்ட நான் பைதானில் எழுதிய புரோகிராம் வீட்டில் உபுண்டு லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கடையிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் முதலில் ஃபோல்டரே கிடைக்கவில்லை. அதை எப்படியோ சரிசெய்தால், அரளியும் தாமரையும் மட்டும் வந்த நாளின் ஃபைல் கிறுக்கெழுத்தாகத் திறக்கிறது; பிச்சி, மல்லி உள்ள ஃபைலில் எரர் காட்டி நின்றுவிடுகிறது. ஃபைல் பாதைகளைக் கையாளும் பைதானின் பாத்லிப்புக்கு மாறினால் தீருமா?

பதில்: பாதி தீரும். மீதிப் பாதிதான் உங்கள் அப்பாவின் கணக்குக்கு ஆபத்தானது.

ஃபோல்டரை முதலில் பார்த்துவிடுவோம். டி டிரைவ், ஒரு பேக்ஸ்லாஷ், அதையொட்டி ஆங்கிலத்தில் தோவாளை என்று எழுதியிருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் முதலெழுத்து ‘டி’ (t). மேற்கோள் குறிக்குள் பேக்ஸ்லாஷும் சின்ன ‘டி’யும் சேர்ந்தால் பைதானுக்கு அது டேப் என்ற இடைவெளிக் குறி. நாகர்கோவில் என்று ஃபோல்டர் வைத்திருந்தால் ‘என்’ சேர்ந்து வரியே உடைந்திருக்கும்.

பாதையை வெறும் எழுத்துச் சரமாக ஒட்டுவதால் வரும் தொல்லை இது. 2014இல் பைதான் 3.4 பதிப்போடு வந்த பாத்லிப்பில் பாதை ஓர் ஆப்ஜெக்ட். ஒரு பாத் உருவாக்கி, வகுத்தல் கோடு (/) போட்டு அடுத்த ஃபோல்டர், அதற்கடுத்த ஃபைல் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். விண்டோஸா உபுண்டுவா என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். தன் பெயர், எக்ஸ்டென்ஷன், தான் இருக்கும் ஃபோல்டர் எல்லாம் அதற்குத் தெரியும். நீங்கள் எழுத்தை வெட்டி எடுக்க வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம்: சேர்க்கும் பெயரே வகுத்தல் கோட்டில் தொடங்கினால், அதற்கு இடப்பக்கம் சேர்த்த ஃபோல்டர்கள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இனி பிச்சி. வீட்டில் நீங்கள் சேமித்த ஃபைலின் என்கோடிங், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை, யூடிஎஃப்-8. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். என்கோடிங் சொல்லாமல் திறந்தால், நம் ஊர் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் பைதான் அதைச் சிபி1252 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து அட்டவணையை வைத்துப் படிக்கும். அரளியின் பைட்டுகள் ஒவ்வொன்றுக்கும் அந்த அட்டவணையில் ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது, அதனால் கிறுக்கெழுத்தாகவாவது வந்தது. தாமரையும் அப்படியே. பிச்சியில் ‘ச்’, மல்லியில் ‘ல்’ இருக்கிறதே, அந்தப் புள்ளியின் கடைசி பைட் 8டி (8D). அந்த இடம் அட்டவணையில் காலி. புரோகிராம் அங்கேதான் நின்றது. எரர் செய்தியை மறுபடி பாருங்கள், அந்த 8டி அதிலேயே இருக்கும்.

ஃபைலைப் படிக்கும் பாத்லிப்பின் ரீட்-டெக்ஸ்ட்டும் இதே தவறைச் செய்யும். ஆகவே திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கையால் எழுதுங்கள். கடையில் எக்செலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த ஃபைலும் கலந்து வருமென்றால், படிக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுப்பது நல்லது. எக்செல் ஃபைலின் தலையில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியை அது நீக்கிவிடும். குறி இல்லாத ஃபைலையும் ஒழுங்காகப் படிக்கும். இதைச் செய்யாமல் ‘தேதி’ என்ற முதல் தலைப்பைத் தேடினால், கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று சொல்லும்.

படிக்கையில் நின்றால் நஷ்டம் ஏதுமில்லை. எழுதும்போது நின்றால்தான் வினை. பாத்லிப்பில் ஃபைலை எழுதும் ரைட்-டெக்ஸ்ட் முதலில் ஃபைலைத் திறந்து பழையதைக் காலி செய்கிறது, பிறகுதான் புதியதை எழுதத் தொடங்குகிறது. என்கோடிங் சரியில்லாமல் அந்த இடத்தில் எரர் வந்தால் கையில் மிஞ்சுவது பூஜ்ய பைட் ஃபைல். ஒரு மாதக் கணக்கு இப்படிப் போனால் சந்தையில் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் மாதக் கணக்கை நேராக அதன் பெயரில் எழுதாதீர்கள். அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் முழுக்க எழுதி முடித்து, பிறகு பாத் ஆப்ஜெக்ட்டின் ரீப்ளேஸ் மெத்தடால் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். ரீநேம் வேண்டாம், அந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அது விண்டோஸில் எரர் தரும், உபுண்டுவில் கேட்காமலே மேலெழுதும். ரீப்ளேஸ் இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

சிஎஸ்வி மாட்யூலால் எழுதுவதாக இருந்தால், திறக்கும்போது நியூலைன் என்பதற்கு வெற்று மேற்கோள் கொடுங்கள். இல்லையென்றால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு காலி வரி விழும்.

மாதத்தின் ஃபைல்களைத் திரட்ட, பெயரை வைத்து ஃபைல்களைத் தேடித் தரும் குளோப் போதும், ஆனால் அது எந்த வரிசையில் தரும் என்று நம்ப முடியாது, வரிசைப்படுத்தும் சார்ட்டட் போட்டுக்கொள்ளுங்கள். ஃபைல் பெயர் 2025-08-14 என்று ஆண்டில் தொடங்கினால் எழுத்து வரிசையே தேதி வரிசையாகிவிடும். நாளை முன்னால் வைத்துப் பெயரிட்டிருந்தால், ஓண வியாபாரம் சூடுபிடிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.