குடிசை இல்லாத நகரம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் சீனாவின் ஷென்ஜென் நகரத்துக்குப் போயிருந்தேன். இவ்வளவு வேகமாக வளர்ந்த ஊரில் ஒரு குடிசைப் பகுதிகூடக் கண்ணில் படவில்லை. 'ஹுகோவ்' என்ற குடிப்பதிவு முறைதான் காரணம் என்றார்கள். நகரம் தாங்கும் அளவுக்கு மட்டும் கிராமத்து ஆட்களை உள்ளே விடுவது சரிதானே?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் நினைப்பதுபோல ஹுகோவ் இப்போது ஆளைத் தடுப்பதில்லை. 1958இல் சட்டமானபோது தடுத்தது. இன்று யாரும் ரயிலேறி வந்து வேலை பார்க்கலாம். பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் போன்ற உரிமைகள்தான் பதிவுள்ள ஊரிலேயே நின்றுவிடுகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சீனர்களில் சுமார் 64 சதவீதம் பேர் நகரவாசிகள். நகர ஹுகோவ் உள்ளவர்களோ 45 சதவீதம்தான். இடையில் கிடப்பவர்கள் ஏறக்குறைய 26 கோடிப் பேர்.

இவர்கள் எங்கே தங்குகிறார்கள்? பலர் தொழிற்சாலை விடுதிகளில். மற்றவர்களை ஷென்ஜெனில் நீங்கள் தாண்டித்தான் போயிருப்பீர்கள். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தபின் அரசு வயல்களை எடுத்துக்கொண்டது. வீட்டு மனைகளுக்கு இழப்பீடு அதிகம் என்பதால் அவற்றை விட்டுவைத்தது. வயல் போன விவசாயிகள் அந்த மனைகளில் மாடிமேல் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். எதிரெதிர் சன்னல்களிலிருந்து கைகுலுக்கிக்கொள்ளலாம், அவ்வளவு நெருக்கம். வெயில் விழாது. ஆனால் நகரத்தின் மலிவான வீடு அதுதான். எந்தத் திட்ட அதிகாரியும் கட்டித்தராததை, நிலமிழந்தவர்கள் கட்டினார்கள். (கான்கிரீட் என்பதால் நம் கண்ணுக்குக் குடிசையாகத் தெரிவதில்லை.)

பெய்ஜிங்கில் 2017 நவம்பரில் இப்படியொரு கட்டடத்தில் தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பாதுகாப்பு என்று சொல்லி, கடுங்குளிரில் பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள்.

'தாங்கும் அளவு' என்கிறீர்கள். பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தொழிலாளி அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார், அதே பேருந்தில்தான் போகிறார். நகரத்துக்கு மிச்சமாவது அவருடைய பிள்ளையின் படிப்புச் செலவும் முதுமைக்கால ஓய்வூதியமும்தான். கல்லூரி நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் பதிவுள்ள ஊரில்தான் எழுத வேண்டும். அதனால் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். உழைப்பு நகரத்துக்கு, செலவு கிராமத்துக்கு. இதை நீடித்த வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அரசுக்கும் இது தெரியும். 30 லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நகரங்களில் பதிவுக் கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லி 2019இல் அறிவித்தார்கள். பெய்ஜிங்கும் ஷாங்காயும் அந்தப் பட்டியலில் இல்லை. வேலை அதிகம் இருப்பதோ அங்கேதான்.