பதிவை நீக்கும் முன் கேட்கும் பெட்டி: செக்ரோல் மென்பொருள் பற்றிய பதில்

வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்காக நீங்கள் எழுதிய செக்ரோல் (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு) மென்பொருளில், ‘ஆம்’ பொத்தான் ஒரு பெட்டியில் இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் இருப்பதால், கிளாக்கர் கைப்பழக்கத்தில் அழுத்தி அன்றைய கொழுந்து நிறுவையையே அழித்துவிடுகிறார், இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

பொத்தான்களின் இடத்தைச் சீராக்குவது எளிது. விண்டோஸில் செயலைச் செய்யும் பொத்தான் முதலிலும் ‘ரத்து’ அதன் வலப்பக்கத்திலும் வருவதே வழக்கம். மேக்கில் இது தலைகீழ். விண்டோஸ் வழக்கத்தையே எல்லாப் பெட்டிகளிலும் பின்பற்றுங்கள்.

உண்மையான கோளாறு கேள்வியில்தான் இருக்கிறது. ‘நிச்சயமாகவா?’ என்று நாள் முழுக்கக் கேட்கும் பெட்டியை எவரும் வாசிப்பதில்லை. ‘இரண்டாம் மலையின் இன்றைய காலை நிறுவை, 42 பேரின் பதிவுகள், நீக்கப்படும்’ என்று எழுதி, பொத்தான்களுக்குப் ‘பதிவுகளை நீக்கு’, ‘நீக்க வேண்டாம்’ என்று செயலையே பெயராக இடுங்கள். எண்டர், எஸ்கேப் இரண்டும் ‘நீக்க வேண்டாம்’ என்பதற்கே போகட்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதியிருந்தால், அக்செப்ட்பட்டன் (எண்டருக்கு), கேன்சல்பட்டன் (எஸ்கேப்புக்கு) ஆகிய பண்புகளுக்கு அதே பொத்தானைக் கொடுப்பதோடு, பெட்டி திறக்கும்போது ஃபோகஸும் (விசை அழுத்தத்தைப் பெறும் நிலை) அதன்மீதே இருக்குமாறு பாருங்கள். ஏனெனில் ஃபோகஸ் உள்ள பொத்தானே எண்டரை எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை என்பதால், அகலத்தைப் பிக்சலில் கட்டிவைக்காமல், எழுத்துக்கு ஏற்ப விரியும் ஆட்டோசைஸ் இடுவது நல்லது.

இவற்றைவிட நான் விரும்புவது, நீக்கிய பதிவை உடனே அழிக்காமல், மாதச் சம்பளம் போடும் வரை மறைத்துவைத்து, ‘மீட்டெடு’ என்ற பொத்தானைத் தருவதே; அப்படிச் செய்தால் இந்தப் பெட்டியே தேவைப்படாது.