கொய்யாப்பழத்தின் மேல் விழுந்த பழி

கேள்வி: எனக்கு 62 வயது. போன மாதம் என் மகளுக்கு சிசேரியனில் குழந்தை பிறந்தது. 87 வயதாகும் என் அம்மா, "நாங்கல்லாம் வீட்டுலேயே பெத்துட்டு வயலுக்குப் போனவங்க" என்று அவளைக் குத்திக்கொண்டே இருந்தார். ஒரு நாள் திடீரென்று உடைந்து அழுதார். 1956இல் அவருக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. நாலு நாள் நன்றாகப் பால் குடித்ததாம். அப்புறம் வாய் இறுகி, தொட்டாலே உடம்பு விறைத்து, எட்டாம் நாள் இறந்துவிட்டதாம். பத்தியத்தை மீறி இவர் ஒரு கொய்யாப்பழம் தின்றதுதான் காரணம் என்று பார்க்க வந்த மாமியார் சொல்லியிருக்கிறார். அம்மா இன்னமும் அதை நம்புகிறார். எப்படித் தேற்றுவது? – வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: முதலில் கொய்யாப்பழத்தை விடுதலை செய்துவிடுவோம். தாய் தின்ற எந்தப் பழமும் குழந்தையை இப்படிக் கொல்லாது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பச்சிளங்குழந்தைக்கு வரும் டெட்டனஸ், அதாவது ரணஜன்னியை அப்படியே காட்டுகின்றன. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி தொப்புள்கொடியை அறுத்த இடத்தின் வழியாக உள்ளே போகும். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பிறகுதான் குழந்தை சப்ப முடியாமல் திணறும், தாடை இறுகும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு வெட்டி இழுக்கும். அந்தக் காலத்தில் பிழைத்தவை மிகக் குறைவு.

கொடியை அறுத்தது அரிவாளோ, பழைய பிளேடோ. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பதும் பல ஊர்களில் இருந்தது. இதைச் சொல்லும்போது பழியைத் தூக்கி மருத்துவச்சி தலையில் வைத்துவிடாதீர்கள். ஒரு மரக்கால் நெல்லுக்காக நடுராத்திரியில் எழுந்து வந்தவர் அவர். கருவியைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சென்னை எழும்பூரில் 1844 முதலே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது, சரி. தஞ்சைப் பக்கத்துக் கிராமத்துக்கு அதனால் என்ன? ஆரம்ப சுகாதார நிலையங்களே 1952இல்தான் தொடங்கின. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டு இந்த நோயைத் தடுக்கலாம். அந்த ஊசி நாடு முழுக்கப் பரவியது 1978க்குப் பிறகு தேசியத் தடுப்பூசித் திட்டங்கள் வந்தபோதுதான். பிரசவத்தில் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015இல். பதினெட்டு வயதுப் பெண், பெற்ற உடம்போடு பசியில் ஒரு பழம் தின்றாள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் இதை எடுத்த எடுப்பில் பாடம்போல ஒப்பிக்காதீர்கள். அந்தக் குழந்தைக்காக அவரை யாராவது அழவிட்டிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். "அடுத்தது பிறந்தா சரியாயிடும்" என்று சொல்லி வேலையைப் பார்க்க அனுப்பியிருப்பார்கள். எனவே கேளுங்கள். வலி எப்போது எடுத்தது, கூட யார் இருந்தார்கள், குழந்தை யார் ஜாடை, என்ன பெயர் வைக்க நினைத்திருந்தார். நீங்களும் அவனை "அண்ணன்" என்றே சொல்லிப் பேசுங்கள். அவர் பேசி முடித்த பிறகு டெட்டனஸ் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் "நீ என்ன கண்டே" என்பார். அம்மா வழக்கமாகப் போகும் டாக்டரிடம் முன்கூட்டியே விவரம் சொல்லி, அவர் வாயால் கேட்க வையுங்கள். அந்தத் தலைமுறைக்கு டாக்டர் சொன்னால் அது வேறு. ஒரு தடவையில் நம்பிக்கை மாறாது, மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அந்த வயல் பெருமையை மகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். வயலுக்குப் போனது தெம்பினால் அல்ல, போகாவிட்டால் கூலி இல்லை என்பதால்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் தரக்கூடாது, குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்க வேண்டும் என்று பாட்டி சொன்னால் அதற்கு மட்டும் இணங்காதீர்கள். மகள் தாகத்துக்குத் தாராளமாகத் தண்ணீர் குடிக்கட்டும், குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். பூண்டுக் குழம்பைப் பாட்டி கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். பிரசவ லேகியம் கிண்டுவதானால் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.