வாரக் கணக்கு தவறாமல் வரும் சளி: மகனைச் சந்தேகிக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. திருச்சியில் பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கிறான். நாலைந்து மாதமாக ஆளே மாறிவிட்டான். குளிக்கப் போனால் வர ஒரு மணி நேரம். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை சளி, உடம்பு வலி என்று சுருண்டு படுக்கிறான். அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். என் பர்ஸில் பணம் குறைகிறது. போன வாரம் குப்பையில் வலி மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. ஆனால் வாயில் எந்த வாடையும் இல்லை. தெரிந்தவர் ஒருவர், "ராத்திரி வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போவார்கள், மூன்றே மாதத்தில் திருத்தித் தருவார்கள்" என்று ஒரு போதை மறுவாழ்வு மையத்தின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த எண்ணுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

வாடை இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பையன் வீட்டுக்குள் வந்ததும் வாயை ஊது என்று சொல்லும் பெற்றோர் இன்னும் சாராயக் காலத்திலேயே இருக்கிறார்கள். மாத்திரைக்கு வாடை கிடையாது. கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு எதிரில் நின்று பேசினாலும் தெரியாது. கஞ்சா என்றால் கண் சிவக்கும், அதற்கும் பையில் சொட்டு மருந்து வைத்திருப்பார்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது அந்தச் சளிதான். டேபென்டடால், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் அபின் செய்யும் வேலையையே உடம்புக்குள் செய்கின்றன. பழகிய உடம்புக்கு மாத்திரை கிடைக்காமல் போனால், ஒரு நாளைக்குள் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், கை ரோமம் சிலிர்த்து நிற்கும், கால் குடையும், வயிறு போகும். பார்க்க அச்சு அசல் ஃப்ளூ. ஒரு தாய் ஆறு மாதம் மகனுக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் பார்த்த டாக்டரும் ஆன்டிபயாடிக்தான் எழுதியிருந்தார்.

வித்தியாசம் ஒன்று உண்டு. நிஜ ஃப்ளூ மூன்று நாலு நாளாவது படுத்தும். பையன் ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்ததும் சளி நின்று, முகம் தெளிந்து, கலகலவென்று பேசுகிறான் என்றால் அது சளி இல்லை. அப்போது அவன் கண்ணைப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் எல்லோருக்கும் கண்ணின் பாவை விரியும். மாத்திரை போட்டவர்களுக்குக் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியே இருக்கும். படுத்துக் கிடக்கும் நேரத்தில் நேர்மாறாகப் பெரிதாக இருக்கும்.

முழுக்கைச் சட்டை ஃபேஷனாகவும் இருக்கலாம், ஊசித் தழும்பாகவும் இருக்கலாம். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஏற்றிக்கொள்ளும் கொடுமை நம் ஊர்களில் நடக்கிறது. வாயில் போட்டு விழுங்கத்தான் மாத்திரை. அதில் கலந்திருக்கும் மாவு ரத்தத்தில் கரையாது, ரத்தக் குழாயையும் நுரையீரலையும் அடைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டால் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. எல்லாம் கூடவே வரும்.

தாமதமாக எழுவது, எரிந்து விழுவது, கதவைச் சாத்திக்கொள்வது, இவையெல்லாம் 20 வயதின் லட்சணம். தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமில்லை. ஆனால் பணம், அட்டை, சளி மூன்றும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருக்கும்போது நான் காத்திருக்க மாட்டேன். மருந்துக் கடையில் விற்கும் சிறுநீர் கிட்டை வாங்கி வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அபினுக்கான சாதாரண கிட் டேபென்டடாலைக் காட்டாது. நெகட்டிவ் என்று வந்ததும் நீங்கள் சாமி கும்பிடுவீர்கள், அவன் மனதுக்குள் சிரிப்பான்.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பேர் வந்து, கையைக் கட்டி, வண்டியில் போட்டுக்கொண்டு போவார்கள். எண் கொடுத்தவருக்குக் கமிஷன் உண்டு. முதல் மாதம் மகனைப் பார்க்க விடமாட்டார்கள். "போனில் பேசினால் மனசு மாறிவிடுவான்" என்பார்கள். உள்ளே அடியும் சங்கிலியும் இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? முதுகில் பெல்ட் தழும்போடு வந்த பிள்ளைகளை நான் பரிசோதித்திருக்கிறேன்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளுக்கும் பொருந்தும். மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது குற்றம். 18 வயது தாண்டியவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு தகுதியுள்ளவரும் தனித்தனியாகப் பார்த்து எழுதித் தர வேண்டும். அதுவும் முதலில் 30 நாளுக்குத்தான். 'மூன்று மாத பேக்கேஜ்' என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். "எங்களிடம் ஐ.எஸ்.ஓ. இருக்கிறது" என்பார்கள். ஐ.எஸ்.ஓ. பிஸ்கட் கம்பெனிக்கும்தான் இருக்கிறது.

இதில் உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒன்று. மூன்று மாதம் பூட்டி வைத்தால் மாத்திரையைத் தாங்கும் சக்தி உடம்பிலிருந்து போய்விடும், ஆசை போகாது. வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். பூட்டி வைப்பது வைத்தியம் இல்லை. இதற்கென்று முறையான மருந்து உண்டு. அதைக் கொடுத்து, மெதுவாகக் குறைத்து, மாதக் கணக்கில் கூட இருக்க வேண்டும்.

சோற்றில் கலந்து கொடுக்கும் 'தெரியாமலே நிறுத்தும் பொடி' விளம்பரங்களும் இப்படித்தான். அதில் டைசல்ஃபிராம் என்ற, மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் புரட்டிப் போடும் மருந்து இருந்தால், விவரம் தெரியாமல் குடிக்கும் மனிதர் வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிச் சாகவும் கூடும். உங்கள் மகன் வாயில் வாடை இல்லை என்கிறீர்கள், சரி. இதைப் படிக்கும் இன்னொரு அம்மாவுக்காகச் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு இன்னொன்றும். வலி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் படாத பாடு படுத்தும், ஆனால் திடமான இளைஞனைப் பெரும்பாலும் கொல்லாது. தினமும் அதிகம் குடிப்பவரும் தூக்க மாத்திரை போடுபவரும் அப்படி இல்லை. அவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், வேர்க்கும். ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், வீட்டு மனிதரை அடையாளம் தெரியாது. "சாமிக்கு மாலை போட்டு நிறுத்திவிட்டார், நல்ல விஷயம்தானே" என்று குடும்பமே மகிழ்ந்திருக்கும்போது ஐ.சி.யூ.வுக்குத் தூக்கி வந்த ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். மாலை போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பு ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடட்டும். உங்கள் மகன் தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுகிறானோ என்னவோ. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், மிரட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 'கலங்கரை' என்ற பெயரில் 2025-இல் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களும் திறந்திருக்கிறார்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் போதை மீட்பு உதவி எண் 14446, அல்லது மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416, இரண்டும் இலவசம். காலை எட்டு மணிக்கே சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் இருக்கும். "ஏன் இங்கே வந்தீர்கள், அங்கே போங்கள்" என்று மூன்று அறைக்கு அலைய விட்டாலும் திரும்பிவிடாதீர்கள். மாத்திரை விற்றவனுக்கு அன்றே ஜாமீன், மாத்திரை போட்டவனின் அம்மாவுக்கு மூன்று வரிசை. எங்கள் நிர்வாக லட்சணம் இதுதான். போலீஸ் வந்துவிடுமோ என்று பயப்படவும் வேண்டாம். சிகிச்சைக்கு வந்தவனைப் பிடித்துக் கொடுப்பது டாக்டரின் வேலை இல்லை.

கணவரிடம் இன்றே சொல்லுங்கள், கை ஓங்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு. மகனிடம் பேச, அவன் சுருண்டு கிடக்கும் நேரத்தைவிட மறுநாள் காலை நல்லது. "என்ன போடுகிறாய்" என்று ஆரம்பிக்காமல், "அடிக்கடி உடம்புக்கு முடியவில்லையே, வா டாக்டரிடம் போகலாம்" என்று கூப்பிடுங்கள். பொய்யும் இல்லை அது. குப்பையில் கிடைத்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? காலியாக இருந்தாலும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அதில்தான் அச்சடித்திருக்கும்.