கேளுங்க, தோண்டிப் பாப்போம்: கல்லு பாதி மண்ணு பாதி

போன இதழ்ல அமெரிக்க மேற்குப் பக்கத்து சேஜ்பிரஷ் (வறண்ட சரளை நிலத்துல வளர்ற வாசனைப் புதர்) காட்டைப் பத்தி ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், அங்க குடியிருக்குற நம்ம ஆளுங்க வரிசையா கேள்வி அனுப்பிட்டாங்க. இந்தத் தடவை முழுக்க அந்தச் சரளைக் காடுதான்.

ஐயா, நெவாடால எல்கோ பக்கத்துல 5 ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கோம். மண்ணை லேபுக்கு அனுப்பினோம், 'லோம்' (மணல், வண்டல், களி மூணும் கலந்த மண்ணு), நல்ல மண்ணுதான்னு ரிப்போர்ட் வந்துச்சு. ஆனா மண்வெட்டி அரை அடி கூட இறங்க மாட்டேங்குது, டங் டங்னு கல்லுதான். தக்காளி வச்சோம், தண்ணி ஊத்தின மூணாம் நாளே வாடிடுது. ரிப்போர்ட் தப்பா? (எல்கோ வாசகர்)

ரிப்போர்ட் தப்பில்ல தம்பி, நீங்க எதை அனுப்பினீங்கன்றதுதான் விஷயம். பைல போடும்போதே பெரிய கல்லையெல்லாம் பொறுக்கி ஓரமா வீசியிருப்பீங்க, மிச்சம் இருந்ததை லேப்ல 2 மில்லிமீட்டர் சல்லடைல சலிச்சு, மேல நின்ன கல்லைத் தூரப் போட்டுட்டு கீழ விழுந்த மண்ணை மட்டும்தான் டெஸ்ட் பண்ணுவாங்க, எல்லா லேப்லயும் அதான் வழக்கம். அதனால அந்தப் பேப்பர்ல இருக்குற 'லோம்' உங்க நிலத்துல கல்லுக்கு நடுவுல இருக்குற சந்துல உள்ள மண்ணோட ஜாதகம். கல்லு எவ்ளோன்னு அதுல ஒரு வரி கூட இருக்காது.

அந்த ஊர் மண் கணக்குல 2 மில்லிமீட்டர்ல இருந்து 75 மில்லிமீட்டர் வரைக்கும் உள்ளதெல்லாம் சரளை. மண்ணோட கன அளவுல 15 சதவீதம் தாண்டினா 'கிராவல்லி', 35 தாண்டினா 'வெரி கிராவல்லி', 60 தாண்டினா 'எக்ஸ்ட்ரீம்லி கிராவல்லி'. கன அளவுன்னு நான் சொல்றதை விட்டுடாதீங்க, எடை போட்டுப் பாத்துட்டு பயந்துபோய் எழுதுறவங்க நிறைய. கல்லு மண்ணைவிட ரெண்டு மடங்கு கனம், அதனால எடைல சரிபாதி கல்லு இருந்தாலும் கன அளவுல சுமார் மூணுல ஒரு பங்குதான் வரும்.

வீட்லயே அளந்துடலாம். ஒரு அடிக்கு ஒரு அடி குழி வெட்டுங்க (மண்வெட்டி வேணாம், கடப்பாரை எடுங்க, நான் ஒரு தடவை மண்ணைத் துளைக்கிற நல்ல ஆகர் ஒண்ணை இந்த மாதிரி மண்ணுல விட்டு வளைச்சுட்டு அசடு வழிஞ்சு நின்னவன்). குழிக்குள்ள பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டினாப்ல விரிச்சு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தினா எத்தனை லிட்டர் பிடிக்குதோ அதான் குழியோட அளவு. வெட்டி எடுத்த மண்ணைச் சலிச்சு, கல்லை மட்டும் கழுவி, தண்ணி நிரம்பின பக்கெட்ல போடுங்க, வழிஞ்ச தண்ணி எத்தனை லிட்டரோ அதான் கல்லோட அளவு. ரெண்டாவதை முதலாவதால வகுத்தா முடிஞ்சுது.

இப்ப தக்காளிக்கு வருவோம். கல்லில்லாத லோம் ஒரு அடி ஆழத்துக்கு செடி உறிஞ்சுற மாதிரி சுமார் 2 இஞ்ச் தண்ணி வச்சிருக்கும். பாதி கல்லுன்னா ஒரு இஞ்ச். அதுல பாதி காலியாகும்போதே தக்காளி முகம் சுருங்க ஆரம்பிச்சுடும், ஆக கைல இருக்குறது அரை இஞ்ச். கோடைல அந்தக் காஞ்ச காத்துல ஒரு நாளைக்குக் கால் இஞ்ச் போயிடும்னு வச்சா ரெண்டே நாள். நீங்க மூணாம் நாள்னு எழுதினது அச்சா பொருந்துது பாருங்க. வாரத்துக்கு ஒரு தடவை ரொம்ப ஊத்தினா வேரைத் தாண்டி கீழ ஓடிடும், உரத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். டிரிப் போட்டு கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி விடுங்க, உரமும் அப்படியே பிரிச்சு பிரிச்சு.

வீடு கட்டுற எண்ணம் இருந்தா இன்னொண்ணு, செப்டிக் டேங்க். தண்ணி சர்ருனு இறங்குதேன்னு சந்தோஷப்படாதீங்க, மண்ணு வடிகட்டறதுக்குள்ள கழிவு நிலத்தடி நீருக்குப் போயிடலாம். கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் இடம் குறிங்க. நிலம் வாங்குறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா 'வெப் சாயில் சர்வே'ன்னு அரசாங்கம் இலவசமாத் தர்ற மண் வரைபடம் பாக்கச் சொல்லியிருப்பேன், இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, பாருங்க.

சார், சால்ட் லேக் சிட்டி பக்கத்து மலைச்சரிவுல என் பொண்ணு கூழாங்கல் பொறுக்கினா. எல்லாக் கல்லுலயும் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. யாராவது பெயிண்ட் அடிச்சாங்களான்னு கேக்குறா. (யூட்டா வாசகி)

பாப்பாவுக்கு என்னோட பாராட்டு, அடிப்பக்கம் மட்டும்னு கவனிச்சா பாருங்க. அது சுண்ணாம்பேதான். காத்துல வர்ற தூசியில கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கும், மழைத்தண்ணி அதைக் கரைச்சுக்கிட்டு கீழ இறங்கும், கல்லைச் சுத்தி வந்து அடில சொட்டா தொங்கும், அங்கயே காஞ்சிடும், சுண்ணாம்பு ஒட்டிக்கும். நல்லா மழை பெய்ற ஊர்ல இது அடிச்சுக்கிட்டுப் போயிடும், இங்க வருஷத்துக்கு 10, 15 இஞ்ச்தான் பெய்யுது, அதுவும் பாதி பனி. அதனால நின்னுடுது. தடியான பூச்சுன்னா ஆயிரக்கணக்குல வருஷம் ஆகியிருக்கும். ஒரு சொட்டு வினிகர் விடச் சொல்லுங்க, நுரை வரும்.

வெள்ளைப் பக்கம் மேல பாத்து இருக்குற கல்லு கிடைச்சா, அதை யாரோ, இல்ல வெள்ளமோ, திருப்பிப் போட்டிருக்குன்னு அர்த்தம், மண் ஆராய்ச்சிக்காரங்களே இதை வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. சுத்திலும் வெள்ளையா இருந்தா கதை வேற, அது பழைய ஏரி பூசினதா இருக்கலாம். ஏரியான்னு கேப்பா. உங்க தலைக்கு மேல மலைல படிக்கட்டு மாதிரி கோடு கோடாத் தெரியுதே, அது பான்வில்னு ஒரு ஏரியோட கரை. இப்ப இருக்குற கிரேட் சால்ட் லேக் அதோட மிச்சம்தான். பான்வில் உச்சத்துல இருந்தப்ப தண்ணி சுமார் 1,000 அடி ஆழம், கிட்டத்தட்ட 18,000 வருஷம் முன்னாடி இடாஹோ பக்கம் ரெட் ராக் கணவாயை உடைச்சுக்கிட்டு வெளிய பாஞ்சுது. அந்த ஏரியோட அலை உருட்டி உருட்டி மழமழன்னு ஆக்கின கல்லுதான் உங்க பொண்ணு பாவாடைல இருக்குறதுல பாதி இருக்கும்.

சுண்ணாம்பு சேந்துக்கிட்டே போனா கல்லையெல்லாம் ஒட்டவச்சு நம்ம ஊர் சுக்கான் மாதிரி ஒரு தளமாயிடும். சரளைல இது சீக்கிரம் நடக்கும், ஏன்னா அடைக்க வேண்டிய சந்தே கம்மி. நெவாடால இன்னொரு கொடுமை, எரிமலைச் சாம்பல்ல இருந்து கரைஞ்ச சிலிக்கா ஒட்டின தளம், வினிகருக்கும் அசையாது தண்ணிக்கும் இளகாது. டூரிபேன்னு பேரு. அது 2 அடில இருந்தா தோப்பு ஆசையை விட்டுடுங்க.

அண்ணா, சேஜ்பிரஷ் ஒரு இடத்துல ஆள் உயரம், ஒரு மைல் தள்ளி முழங்காலுக்குக் கூட இல்ல. மழை ஒண்ணுதானே? அப்புறம் வாசனை மரிக்கொழுந்து மாதிரியே இருக்கு, சமையல்ல போடலாமா? (பாய்சி வாசகர்)

மூக்கு நல்லா வேலை செய்யுது! மரிக்கொழுந்து, மாசிப்பத்திரி, சேஜ்பிரஷ் எல்லாம் ஆர்ட்டிமீசியா குடும்பத்து அக்கா தங்கச்சிங்க. ஆனா கடைல விக்கிற சமையல் 'சேஜ்' துளசி வகையறா, பேரு மட்டும்தான் ஒத்துமை. சமையல்ல போடாதீங்க, கசந்து தள்ளும்.

மழை ஒண்ணுதான், நிலம் ஒண்ணில்ல. மலை அடிவாரத்துல ஓடை விசிறி மாதிரி விரிச்சுப் போட்ட மேடு இருக்கும், உச்சில பெரிய கல்லு, கீழ வர வர பொடி. அடில ஓடையோரமா ஆழமான மண்ணுல பெரிய ரகம், ஆள் உயரத்தையும் தாண்டும், அந்தக் காலத்துல குடியேறினவங்க இதைப் பாத்துத்தான் இங்க விவசாயம் நடக்கும்னு முடிவு பண்ணாங்க. நடு மேட்டுல வயோமிங் ரகம், இடுப்பளவு. சுண்ணாம்புச் சரளை, ஆழமே இல்லைன்னா கறுப்பு சேஜ், முழங்கால் உயரம். களித்தளம் மேலயே இருந்தா லோ சேஜ், அதுவும் குட்டைதான். செடியைப் பாத்தே அடில என்ன இருக்குன்னு ஓரளவு சொல்லிடலாம்.

சரளைன்னாலே செடிக்குக் கெடுதல்னு நினைக்காதீங்க, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதான். மழை கம்மியான ஊர்ல கணக்கு தலைகீழ். ஒரு இஞ்ச் மழை கல்லில்லாத லோம்ல அரை அடிதான் நனைக்கும், வெயில் மேல்மண்ணை உறிஞ்சி எடுத்துடும். பாதி கல்லுன்னா அதே ஒரு இஞ்ச் ஒரு அடிக்கு இறங்கிடும், அங்க வெயில் கை நீளாது. தக்காளி வேருக்கு எட்டாத அந்தத் தண்ணி சேஜ்பிரஷ்ஷுக்கு எட்டும், அதோட வேர் 6 அடி போகும். அதுவும் ராத்திரில கீழ இருந்து தண்ணியை இழுத்து மேல்மண்ணுல கசிய விடுது, 1987ல ரிச்சர்ட்ஸ், கால்ட்வெல்னு ரெண்டு பேர் யூட்டால இதை அளந்து எழுதினாங்க. ஆழ்வேர் உள்ள செடி பக்கத்துப் புல்லுக்கும் கொஞ்சம் ஊத்துதுன்னு வச்சுக்கலாம், அது தானமா இல்ல ஒழுக்கலான்னு நான் தீர்ப்பு சொல்லல.

நிலத்து மேல கிடக்குற கல்லையெல்லாம் பொறுக்கிட்டு, சேஜ்பிரஷ்ஷையும் தள்ளிட்டு புல் விதைக்கலாம்னு இருக்கேன். மேய்ச்சலுக்கு. (வின்னமக்கா வாசகர்)

பண்ணாதீங்க. மேல கிடக்குற கல்லுதான் உங்க மூடாக்கு. மழைத்துளி நேரா மண்ணுல அடிக்காம தாங்குது, காத்துல மண்ணு பறக்காம அமுக்குது, விதை தங்க சந்து குடுக்குது. எடுத்துட்டீங்கன்னா அடில இருக்குற வண்டல் நுரை நுரையா குமிழி வச்சு இறுகி ஓடு மாதிரி ஆயிடும், தண்ணி மேலயே ஓடும். கல்லு தளர்வா மேல கிடந்தா தண்ணி உள்ள போகும், ஓட்டுக்குள்ள பதிஞ்சு கிடந்தா வெளிய வழியும், இந்த வித்தியாசத்தைக் காலால தட்டிப் பாத்தே கண்டுபிடிக்கலாம்.

சேஜ்பிரஷ்ஷைத் தள்ளினா நீங்க விதைச்ச புல்லுக்கு முன்னாடி சீட்கிராஸ்னு ஒரு களைப்புல் வந்து உக்காந்துக்கும். ஜூன்லயே காஞ்சு, ஒரு பொறி பட்டா மொத்தமா எரியும், அடுத்த வருஷம் அதே திரும்ப வரும், சேஜ்பிரஷ் வராது, ஏன்னா அந்த ரகம் எரிஞ்சா அடிலருந்து துளிர்க்காது. இருக்குற புதருக்கு நடுவுல புளூபஞ்ச், ரைஸ்கிராஸ்னு அந்த மண்ணோட சொந்தப் புல்லுங்க ஏற்கனவே இருக்கான்னு முதல்ல குனிஞ்சு பாருங்க, இருந்தா ரெண்டு வருஷம் மாட்டை விடாம ஓய்வு குடுங்க. விதைக் காசு மிச்சம்.

சரளைல கேரட் வருமா? (அதே வின்னமக்கா வாசகரோட வீட்டம்மா)

வரும்மா, ரெண்டு காலோட வரும். பெட்டி கட்டி மேல மண்ணு கொட்டி போடுங்க.