கும்பப்பூ வயலில் கோடைக் காய்கறி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுத்த வயலில் 10 சென்ட் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) கிடைத்திருக்கிறது. கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்லுக்கு) முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்ன காய் போடலாம்?
– வாசகர், தோவாளை

பதில்: விதை வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். நம் குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வழக்கமாக பிப்ரவரி கடைசியோடு நின்றுவிடும். மறுபடி சானலில் (வாய்க்காலில்) வருவது ஜூன் மாதம்தான். இடையில் குளமும் கிணறும்தான் துணை. மே வரைக்கும் குடத்தில் கோரி ஊற்றவாவது தண்ணீர் இருக்குமா என்று பக்கத்து வயல்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 90 நாள். வெண்டை, பயறு, வெள்ளரி மூன்றும் 45 முதல் 50 நாளில் பறிப்புக்கு வந்து, பிறகு ஒரு மாதமாவது காய்க்கும். ஓரங்களில் தண்டங்கீரை தூவினால் 25 நாளில் பிடுங்கலாம். கத்தரியும் மிளகாயும் வேண்டாம். நாற்றங்கால் நாளையும் சேர்த்தால் முதல் காய் பார்க்கவே மூன்று மாதம் ஆகும். காய்ப்பு ஏறும்போது நிலத்தை விட்டுக் கொடுக்க வேண்டிவரும். பாவலுக்கும் (பாகல்) புடலைக்கும் பந்தல் போடுகிற செலவு இத்தனை குறுகிய பாட்டத்தில் திரும்பாது.

வயல் களிமண் என்பதால் உழவுக்குப் பதம் முக்கியம். மண்ணைப் பிடித்தால் உருண்டையாகவும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். அந்தப் பதம் தவறினால் பாளம் பாளமாக வெடித்து, கட்டிகளுக்கு நடுவே விழுந்த விதை காய்ந்துபோகும். வெள்ளரிக்கு ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் தடம் (விதைக்குழி) எடுங்கள். தடத்துக்குத் தடம் ஆறு அடி. ஒவ்வொரு தடத்திலும் மக்கிய சாணம் 5 கிலோவை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, ஐந்து விதை ஊன்றுங்கள். இரண்டு இலை விட்டதும் திடமான மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். வெண்டைக்கு வரிசை இடைவெளி ஒன்றரை அடி, செடி இடைவெளி ஒரு அடி. தூரைச் சுற்றி வைக்கோல் பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏப்ரல், மே மாலைகளில் நம் பக்கம் இடியோடு மழை கொட்டும். வெயிலுக்குத் தப்பிய வெள்ளரி, தேங்கிய தண்ணீரில் தூர் அழுகிச் சாகும். வயலின் தாழ்ந்த மூலையில் இப்போதே வரப்பை வெட்டி வடிகால் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வெண்டை நன்றாகக் காய்க்கிறது, ஆனால் பறிக்கும்போது நாராக இருக்கிறது. சில செடிகளில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிறது.
– வாசகி, இரணியல்

பதில்: நார் விழுவது பறிப்பு தாமதத்தால். பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும்; கோடையில் இன்னும் வேகம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டாயம் வயலுக்குப் போக வேண்டும். நுனியை ஒடித்துப் பாருங்கள்: டக்கென்று முறிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றியது. முற்றின காயைச் செடியில் விடாதீர்கள். சத்தெல்லாம் அந்த விதைக்கே போய், புதுப் பூ குறைந்துவிடும். வெயில் ஏறும் முன், காம்போடு கத்தியால் அறுங்கள். சுணை அரிக்கும் என்பதால் கையுறையோ பழைய துணியோ கட்டிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் நரம்பு, வெள்ளை ஈ பரப்புகிற நச்சுயிரி நோய். வந்த செடிக்கு மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். ஈயைக் குறைக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். அந்தச் செடியில் விதை எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: வீட்டுப் பந்தலில் பாவக்காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகிறது. பிளந்தால் உள்ளே புழு. மாமரத்தில் கட்டும் பொறியை வாங்கிக் கட்டியும் பலனில்லை.
– வாசகர், குலசேகரம்

பதில்: பழ ஈ. ஆனால் மாவுக்கு வருவது வேறு இனம். அந்தப் பொறியில் இருக்கும் ‘மெத்தில் யூஜினால்’ என்ற கவர்ச்சிப் பொருள், பாவக்காயைத் தாக்குகிற ஈயை இழுக்காது. கொடிக் காய்களுக்கு என்று கேட்டு, ‘கியூ லூர்’ என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி வாங்குங்கள். அதிலும் ஆண் ஈதான் விழும், முட்டையிடுவது பெண் ஈ. ஆகவே பூ வாடியதும் பிஞ்சைக் காகிதக் கூம்பில் மூடுவது அவசியம். விழுந்த காயை அன்றன்றே பொறுக்கி, பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வரும். பந்தலடி மண்ணையும் அவ்வப்போது கிளறிவிடுங்கள். புழு காய்க்குள் இருப்பதால் மேலே மருந்தடித்துப் பயனில்லை.

கேள்வி: பயற்றங்கொடி நுனியில் கறுப்பாகப் பேன் அப்பியிருக்கிறது.
– வாசகி, தக்கலை

பதில்: அசுவினி. அப்பிய நுனியைக் கிள்ளி எறிந்து, மற்றதில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினியைக் காவல் காப்பதே அதுதான். யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். இளந்தளிர் அதிகமானால் அசுவினியும் அதிகமாகும், காயும் குறையும்.

கேள்வி: சித்திரை விஷுவுக்குக் கணி வெள்ளரி (விஷுக் கணியில் வைக்கும் தங்க நிற வெள்ளரி) சொந்தமாக விளைக்க ஆசை. எப்போது விதைக்க வேண்டும்?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தை கடைசி வாரத்தில் விதையுங்கள். காய் தங்க நிறத்துக்குத் திரும்ப 60 முதல் 70 நாள் வேண்டும். அப்போது வயலில் நெல் நிற்கும் என்பதால் புரையிடமே (வீட்டைச் சுற்றியுள்ள நிலமே) சரி. மண்ணில் படும் பக்கம் வெளுத்துப்போகாமலிருக்க, காய்க்கு அடியில் ஓலைத் துண்டு வைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மெல்லத் திருப்பி விடுங்கள். அறுக்கும்போது இரண்டு விரல் காம்பு விட்டு அறுங்கள்.