உறைபனி இல்லாத கரையில் எப்போது விதைப்பது? கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், இருபது வருடத்துக்கு மேலாக வீட்டுத் தோட்டம் போடுகிறேன். காய்கறி, கீரை, மல்லி, புதினா எதை எந்த மாதம் போடலாம் என்று நம் கரையோர ஊர்களிலிருந்து பலரும் கேட்டிருந்தார்கள். என் தோட்டத்தில் செய்து பார்த்ததை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ஆன்லைனில் வெளிநாட்டு விதை வாங்கினேன். குடைமிளகாய், தக்காளி, இத்தாலியத் துளசி, சாலட் கீரை. எல்லாப் பாக்கெட்டிலும் "கடைசி உறைபனிக்கு ஆறு வாரம் முன்பு வீட்டுக்குள் விதைக்கவும்" என்று இருக்கிறது. நமக்கு அந்தத் தேதி எது?

நமக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது, தம்பி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும். அந்தக் குளிர் பூஜ்ஜியம் டிகிரியைத் தொட்டால், புல்லில் இறங்கிய ஈரம் வெள்ளையாக உறையும். இலைக்குள் இருக்கும் நீரும் உறைந்து, வெயில் வந்ததும் இலை வெந்ததுபோல் கருகும். ஊட்டி பக்கம் தலைகுந்தா, அவலாஞ்சியில் மார்கழி, தை மாதங்களில் இதைப் பார்க்கலாம். அங்கேயும் முதலில் அடிபடுவது பள்ளத்தில் இருக்கும் தோட்டம்தான், குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கித் தேங்குவதால். நமக்கோ பக்கத்திலேயே கடல். பகலில் வாங்கிய சூட்டை அது இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பாம்பன் பக்கம் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

ஆனால் அந்தப் பாக்கெட்டில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒரு தேதியை நட்டுவைத்து, அதிலிருந்து வாரங்களை எண்ணுவது. நாமும் எண்ணலாம், நம் தேதிகள்தான் வேறு. முதல் தேதி மழை இறங்கும் நாள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி, அதாவது ஐப்பசி முதல் வாரம். நம் மாவட்டத்தின் வருட மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே பெய்துவிடுகிறது. இரண்டாவது தேதி உப்பு ஏறும் நாள். மழை நின்று வெயில் ஏற ஏறக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கும், மண்ணின் மேல் வெள்ளை பூக்கும். என் தோட்டத்தில் அது மாசிக் கடைசி. உங்கள் ஊரில் பதினைந்து நாள் முன்னே பின்னே இருக்கலாம், கிணற்றுத் தண்ணீரை வாரம் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் செடி வளர்ந்து, பூத்து, பாதிக் காயாவது பறித்திருக்க வேண்டும். என் கணக்கு முழுக்க இதுதான். மலைக்காரர் உறைபனியிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார், நான் உப்பு ஏறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன்.

உங்கள் பாக்கெட்டுக்கு வருவோம். தக்காளி, குடைமிளகாய், துளசி மூன்றுக்கும் "கடைசி உறைபனி" என்று வரும் இடத்தில் "ஐப்பசிக் கடைசி" என்று வைத்துப் படியுங்கள். நாற்று நடும் நாள் அது. விதைப்பு அதற்கு ஆறு வாரம் முன்பு, புரட்டாசியின் நடுவில். தக்காளிக்கு நான்கு வாரம் போதும். சாலட் கீரைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது குளிர் விரும்பி. கார்த்திகைக் கடைசியில் நிழலில் விதைத்து, தை முடிவதற்குள் இலையைக் கிள்ளிச் சாப்பிட்டுவிடுங்கள். மாசி வெயில் பட்டால் தண்டு விட்டுக் கசந்துபோகும்.

தொண்டியிலிருந்து: அண்ணே, "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை நம்பி மொத்தத் தோட்டத்தையும் ஆடியில் விதைத்தேன். முளைத்ததெல்லாம் கருகிவிட்டது. எங்கே தவறினேன்?

நானும் முதல் மூன்று வருடம் இதே தவறைத்தான் செய்தேன். அந்தப் பழமொழி பொய்யில்லை. தென்மேற்கு மழை எட்டிப் பார்க்கும் ஊருக்கும், ஆற்றில் தண்ணீர் வரும் ஊருக்கும் அது சரி. நமக்கு ஆடியில் மழை இல்லை, கச்சான் காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக நம் பக்கம் வந்து மணலை வாரி அடிக்கிறது. இரண்டு இலை விட்ட கன்றுக்கு அந்த மணலே அரம். இங்கே நெல் விதைக்கிறவர்கள்கூடப் புழுதியாக உழுது, ஆவணிக் கடைசி, புரட்டாசியில்தான் விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். தோட்டத்துக்கும் அதே நிதானம் வேண்டும்.

ஆடியில் செய்யவேண்டிய வேலைகள் வேறு இருக்கின்றன. பந்தல் அவரை விதையை மட்டும் ஊன்றுங்கள். நாட்டு அவரை பகல் குறையும்போதுதான் பூக்கும், ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் காய்க்கிறது என்னவோ மார்கழி, தையில்தான். முன்னால் போட்டால் கொடி நன்றாகப் படர்ந்திருக்கும், அவ்வளவே லாபம். கன்றைச் சுற்றிப் பனை ஓலையை வட்டமாகச் செருகிவிடுங்கள். மற்ற இடத்தில் ஆட்டுப்புழுக்கையும் மட்கிய சாணமும் போட்டு, மேலே சருகு, ஓலையால் மூடாக்குப் போட்டுத் தோட்டத்தைத் தூங்கவிடுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்கா: தம்பி, மார்கழியில் பனி கொட்டுது. வெண்டை இலையெல்லாம் மாவு தூவினமாதிரி வெள்ளையா இருக்கு. இதுதான் உறைபனியா?

இல்லை அக்கா. பனி என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம், அதனால் வரும் குழப்பம். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பெரியவர்கள் சொன்னது தண்ணீராக இறங்கும் பனியை. அது செடிக்குக் கெடுதல் செய்யாது, வெயில் ஏறினால் காய்ந்துவிடும். நீங்கள் பார்ப்பது சாம்பல் நோய், ஒரு பூஞ்சை. இரவு ஈரமும் பகல் வறட்சியும் மாறிமாறி வரும் நாட்களில் வெண்டை, பூசணி, பாகல் எல்லாவற்றிலும் வரும். விரலால் துடைத்துப் பாருங்கள். துடைத்த இடத்தில் நாலு நாளில் மறுபடி வெள்ளை வந்தால் நோய்தான்.

அடி இலைகளைக் கிள்ளித் தூரப் போடுங்கள். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். ஆரம்பமாக இருந்தால் நன்றாகப் புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளித்துப் பார்க்கலாம். பரவிவிட்டது என்றால் நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், மாலை நேரத்தில். பூசணி, பாகல் வகைக்குக் கந்தகம் அடிக்காதீர்கள், வெயிலில் இலை கருகும்.

சாயல்குடியிலிருந்து: தக்காளி பங்குனியில் பூவாகக் கொட்டுகிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. சத்துக் குறைவா?

சத்து இல்லை, சூடு. பகல் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும். இரவும் ஆறாவிட்டால் பிஞ்சு நிற்காது. நம் கரையில் பங்குனி இரவு 25க்குக் கீழே வருவதில்லை. அந்த மாதத்தில் என்ன உரம் போட்டாலும் பணம்தான் வீண். புரட்டாசிக் கடைசியில் விதைத்து, ஐப்பசிக் கடைசியில் நட்டால், மார்கழியில் பூ, தையில் பழம். பி.கே.எம். 1 ரகம் எனக்கு இங்கே ஏமாற்றியதே இல்லை.

மண்டபத்திலிருந்து: எங்கள் வீட்டு போர் தண்ணீர் வருடம் முழுக்கக் கரிக்கிறது. தோட்டம் போட ஆசைப்படலாமா?

தாராளமாக. ஆனால் எதைப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி நான்கும் உப்பைக் கொஞ்சமும் பொறுக்காது, விட்டுவிடுங்கள். மிளகாய் ஓரளவுக்குத்தான். தக்காளி அதைவிடக் கொஞ்சம் தாங்கும். பீட்ரூட் நன்றாகத் தாங்கும். கொத்தவரையும் பாலக் கீரையும் என் கிணற்றுத் தண்ணீரில் கவலையில்லாமல் வருகின்றன.

பீட்ரூட்டாக இருந்தாலும் முளைக்கிற பத்து நாளுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். உப்பை எந்தச் செடியும் குழந்தைப் பருவத்தில் தாங்காது. அதனால் விதைப்பை மழைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை மண்ணில் உள்ள உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே தள்ளிவிடும். அந்தச் சுத்தமான மண்ணில் முளைத்து வேர் பிடித்த செடி, தையில் கரிப்புத் தண்ணீரைச் சமாளிக்கும். கூரைத் தண்ணீரை ஒரு தொட்டியிலாவது பிடித்துவையுங்கள், நாற்றங்காலுக்கு அது போதும்.

மழை நின்றதும் மூடாக்கு கட்டாயம். தண்ணீர் ஆவியாகும்போது உப்பை மேலே இழுத்து வந்து விட்டுவிட்டுப் போகிறது. தென்னை மட்டை, பனை ஓலை, காய்ந்த சருகு எதுவானாலும் மண் தெரியாமல் மூடுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை வேர் முழுக்க நனையும்படி ஊற்றுவது நல்லது. அரைகுறையாக ஊற்றினால் உப்பு வேர் பக்கத்திலேயே தங்கும். தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, மின்கடத்தும் திறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. அங்கே போய்க் கேட்கத் தயங்க வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, நோன்புக் கஞ்சிக்கு வீட்டிலேயே மல்லியும் புதினாவும் பறிக்க வேண்டும் என்று ஆசை. நோன்பு வருடா வருடம் நகர்கிறதே, எப்படிக் கணக்குப் போடுவது?

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருகிறது இல்லையா? 2026இல் மாசித் தொடக்கத்தில் இருக்கும் முதல் நோன்பு, 2027, 2028இல் தைக்குள் வந்துவிடும். மல்லிக்கு இதைவிட நல்ல காலம் நம் கரையில் கிடையாது. பிறை தெரியும் நாளிலிருந்து 40 நாள் பின்னோக்கி எண்ணி முதல் பாத்தி, அப்புறம் பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக மூன்று பாத்தி. நோன்பு முழுக்கத் தழை இருக்கும். விதையைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள். முளைக்க எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குள் விதை சொத்தை என்று கிளறிவிடாதீர்கள். பாத்தி மேடாக இருக்கட்டும், மார்கழியில் ஒரு மழை தேங்கினாலும் மல்லி அழுகும்.

பங்குனி, சித்திரையில் மல்லி முழங்கால் உயரம்கூட வராமல் பூ விட்டுவிடும். அந்த மாதங்களில் நோன்பு வந்த வருடங்களில் எல்லோரும் கடையில்தான் வாங்கியிருப்பீர்கள்.

புதினாவுக்குத் தேதியே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டாக நாலு எடுத்து, ஐப்பசி மழையில் ஊன்றுங்கள். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் போகாத நிழலில். வெந்தயக் கீரை மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம், கார்த்திகை முதல் மாசி வரை.

திருப்புல்லாணியிலிருந்து: முண்டு மிளகாய் வீட்டில் வருமா?

வரும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மிளகாய், வீட்டில் ஐந்து செடியாவது இருக்க வேண்டும். புரட்டாசியில் நாற்று விட்டு, 40 முதல் 45 நாளில், மழை இடைவெளி பார்த்து மேட்டுப்பாத்தியில் நடுங்கள். தண்ணீர் இரண்டு நாள் நின்றால் வேர் போய்விடும். மாசியிலிருந்து பழம்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு அம்மா: தம்பி, மகள் கனடாவில் டொராண்டோவில் இருக்கிறாள். நம்ம ஊரு வெண்டை, மிளகாய், கறிவேப்பிலை வைக்கணும்னு தையிலேயே விதை கேட்கிறாள். அனுப்பலாமா?

அனுப்புவதற்கு முன், அங்கே விதை கொண்டுபோக என்ன அனுமதி வேண்டும் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள் அம்மா. அந்த ஊருக்குத்தான் பாக்கெட்டில் உள்ள உறைபனித் தேதி உண்மையான தேதி. மே மாதம் முதல் பாதி வரை அங்கே உறைபனி வரலாம். பலரும் மே 24ஐ ஒட்டி வரும் விடுமுறைக்குப் பிறகுதான் வெளியே நடுகிறார்கள். மிளகாயை மாசிக் கடைசியில், அதாவது மார்ச் நடுவில், வீட்டுக்குள் சன்னல் ஓரத்தில் விதைக்கட்டும். வெண்டைக்குச் சூடான மண் வேண்டும், ஜூன் முதல் வாரம்வரை பொறுக்கச் சொல்லுங்கள். நாற்றை நேராக வெளியே நடக்கூடாது. ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிவிட்டு நட வேண்டும். அக்டோபரில் மறுபடி உறைபனி தொடங்கும். கறிவேப்பிலை எப்போதும் தொட்டியிலேயே இருக்கட்டும், செப்டம்பரில் இரவு குளிர ஆரம்பித்ததும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

பாம்பனிலிருந்து: நட்ட நாற்றைக் கார்த்திகைப் புயல் கொண்டுபோனால் என்ன செய்வது?

எல்லா நாற்றையும் ஒரே நாளில் நடாதீர்கள். 2018 நவம்பர் நடுவில் கஜா புயல் வந்த வருடத்திலிருந்து நான் பாதியைத்தான் ஐப்பசிக் கடைசியில் நடுகிறேன். மீதிப் பாதியைப் பதினைந்து நாள் பிந்தி விதைத்து, தூக்கி உள்ளே வைக்கிற மாதிரி குழித்தட்டில் வளர்க்கிறேன். எச்சரிக்கை வந்தால் தட்டு வீட்டுக்குள் வந்துவிடும். காற்றடித்து ஓய்ந்த மறுநாள், வெளியே நிற்கும் செடிகளின் இலையை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காற்றோடு வந்த உப்பு இலையில் படிந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் கழுவிவிட்டால் பாதிச் செடி பிழைக்கும். கார்த்திகைக் கடைசியில் தட்டில் உள்ளதை நடலாம். அதற்குப் பின் நட்டால் தக்காளிக்கு நாள் போதாது, அந்த இடத்தில் கொத்தவரையை ஊன்றிவிடுங்கள்.